புள்ளலூருக்கு வார்த்த ஈயம்

பிளாஸ்டிக் சிப்பாய் செத்து விழுந்தால் சத்தம் வராது. எங்கள் விளையாட்டில் எனக்கு இருந்த ஒரே குறை அதுதான். அதைத் தீர்க்கப் போய் ஒரு குழந்தையின் பேச்சைப் பறித்துவிட்டோம். பறித்துவிட்டோம் என்று பன்மையில் எழுதுவது எனக்கு வசதி. யோசனை என்னுடையது.

நாங்கள் மூன்று பேர். தாம்பரம் தாண்டி ஓர் என்ஜினீயரிங் கல்லூரியில் நாலு வருஷம் ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்ததும் நான் நாவலூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். இன்னொருவன் படித்ததை மூட்டை கட்டி வைத்துவிட்டு, போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கப் போனான். அவனை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாமவன் பம்மல்காரன். அங்கேயே ஒரு லேத் பட்டறையில் வேலை. எங்களில் முதலில் கல்யாணம் ஆனவன் அவன்தான். இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை.

மேற்குத் தாம்பரத்தில் வாத்தியார் வீட்டு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுவோம். வாத்தியார் வீட்டார் சர்ச் முடிந்து திரும்பப் பதினொன்று ஆகும். அதற்குள் நானும் பம்மல்காரனும் ஆறடிக்கு நாலடி பிளைவுட்டை இரண்டு ஸ்டூல் மேல் கிடத்தி, பழுப்புத் துணி விரித்து, ஏரிக்கு நீல ரெக்சின் துண்டும் பனைமரத்துக்குப் பாட்டில் கழுவும் பிரஷ்ஷும் வைத்துத் தயாராக இருப்போம். அப்புறம் சண்டை. சுண்டுவிரலில் பாதி உயரத்துக்குப் பொம்மைச் சிப்பாய்கள். ஒரு பொம்மை இருபது பேருக்குச் சமம். எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதற்கு இஞ்ச் டேப், சுட்டது பட்டதா என்பதற்குப் பகடை. எந்தப் படை எங்கே நின்றது, எப்போது பின்வாங்கியது என்பதையெல்லாம் வாத்தியார் புத்தகங்களைத் தோண்டி எடுத்து வருவான். சரித்திரத்தில் தோற்றவன் எங்கள் பலகையில் ஜெயிக்கலாம். அந்த ஆசைதான் மூன்று பேரையும் அங்கே உட்கார வைத்தது.

புள்ளலூர்ச் சண்டையைப் போடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர், பைக்கில் போனால் ஒன்றரை மணி நேரம். இருநூற்று நாற்பது வருஷத்துக்கும் முன்னால் கும்பினிப் பட்டாளம் ஒன்றை மைசூர்ப் படை அங்கே சுற்றி வளைத்தது. ராக்கெட்டுகள் பறந்தன. பட்டாளத்தின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அதோடு கதை முடிந்தது. இவ்வளவு பெரிய சண்டை நம் வீட்டுக் கொல்லையில் நடந்திருக்கிறது, நாம் எங்கேயோ ஐரோப்பாவில் நடந்ததைப் போட்டுக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கு ஒரே பரபரப்பு. ஆனால் இரண்டு படைக்கும் பொம்மைகள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், அது கட்டுப்படியாகாது. நாமே வார்ப்போம் என்றேன். ஈயத்தில் வார்ப்போம், கையில் எடுத்தால் கனமாக இருக்கும், விழுந்தால் ‘டொக்’ என்று கேட்கும்.

“ஈயமா? காயலான் கடையில பழைய பேட்டரித் தகடு மலை மாதிரி கொட்டிக் கீது மச்சான்,” என்றான் பம்மல்காரன். “அச்சு நீ செய். உருக்குறது என் வேலை.”

அப்படித்தான் சனிக்கிழமைகள் பம்மலுக்குப் போயின. நான் குடியிருந்த கீழ்க்கட்டளையிலிருந்து பல்லாவரம் வழியாக அரை மணி நேரம். அவன் வீடு இரண்டு அறை, பின்னால் துணி துவைக்கிற இடத்துக்கு மேல் தகரக் கூரை. அங்கேதான் ஒற்றை அடுப்பு, ஓர் இரும்புச் சட்டி, நீளக் கைப்பிடி வைத்த கரண்டி. நான் கம்பியின் மேல் எபாக்சி மாவைப் பிசைந்து அப்பி முதலில் ஒரு ராக்கெட்காரனைச் செதுக்கி, அதன் மேல் சிலிக்கோன் ஊற்றி இரண்டு பாதியாக அச்சு எடுத்திருந்தேன். முதல் சிப்பாய் கால் இல்லாமல் வந்தான். இரண்டாவது ஆளுக்கு முகம் இல்லை. உருகிய ஈயம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓட வேண்டுமானால் உள்ளே மெல்லியதாகப் பவுடர் தூவ வேண்டும் என்று வீடியோவில் பார்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பம்மல்காரன் உள்ளே போய்க் குழந்தையின் பவுடர் டப்பாவை எடுத்து வந்தான். வட்டமான பெரிய டப்பா, மூடிக்குள் பஞ்சு பஃப். அதை அச்சின் இரண்டு பாதியிலும் ஒற்றி எடுத்தான்.

“நம்ம ஆளுங்க கமகமன்னு சண்டைக்குப் போறானுங்க பாரு.”

மூன்றாவது சிப்பாய் தலைப்பாகை மடிப்பு உட்பட முழுசாக வந்து விழுந்தான். நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அதன் பிறகு அதுவே எங்கள் முறை ஆனது. அவன் ஊற்றுவான். நான் ஆறியதும் பிரித்து, ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்ப்பேன். சாம்பல் நிறத்தில் தூள் கொட்டும், ஊதிவிடுவேன். மறுபடி பஃப்பால் ஒற்றுவேன், மறுபடி அச்சை மூடுவேன். ஐந்து மணிக்கு அடுப்பை அணைத்ததும் டப்பா கண்ணாடி அலமாரிக்குத் திரும்பிவிடும்.

ஜாக்கிரதையாக இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு பேருக்கும் கையுறை, கண்ணாடி, ஷூ. சட்டிக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரக்கூடாது. குழந்தை பின்கதவுக்கு இப்பால் வரக்கூடாது. வார்த்த பொம்மைகள் உடனே பரண் மேல் ஏறிவிடும், அவள் வாயில் போட்டுக்கொள்வாள் என்று. அவன் மனைவி என்னை அண்ணா என்பாள், நான் தங்கச்சி என்பேன். இரண்டாவது சனிக்கிழமை அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“அண்ணா, இந்தப் புகை பாப்பாவுக்கு ஒன்னும் பண்ணாதுல்ல?”

“ஈயம் கொதிச்சாதான் தங்கச்சி விஷம். நாம உருக்கத்தான் செய்றோம். கொதிக்கிற சூடு இந்த அடுப்புக்கு வரவே வராது. நான் படிச்சிருக்கேன்.”

“பெரிய படிப்புதான். இவருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க, கேஸ் சிலிண்டர் புக் பண்ணக்கூடத் தெரியல.”

நான் படித்தது பொய்யில்லை. புகையைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தைப் படித்திருந்தேன். தூளைப் பற்றி எழுதியிருந்தது அதற்கு அடுத்த பக்கம்.

குழந்தை அப்போது வாயாடி. என்னை ‘டமார் மாமா’ என்பாள். பீரங்கி எப்படி வெடிக்கும் என்று ஒருநாள் காட்டியிருந்தேன். நான் வண்டியை நிறுத்துவதற்குள் வாசல் கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு, “டமார் மாமா வந்தாச்சு, டமார் மாமா வந்தாச்சு,” என்று தெருவுக்கே அறிவிப்பாள். கழுத்திலும் நெஞ்சிலும் பவுடர் திட்டுத்திட்டாக இருக்கும். தூக்கினால் என் கருப்புச் சட்டையில் ஒட்டும்.

ஏழெட்டு சனிக்கிழமைக்கு அப்புறம் கம்பிக்கதவில் யாரும் இல்லாத ஒரு நாள் வந்தது. உள்ளே போனால் பாயில் சுருண்டு படுத்திருந்தாள். வயிற்று வலி என்றார்கள். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லையாம். பூச்சியாக இருக்கும் என்று ஒரு மருந்து கொடுத்தார்கள். அடுத்த வாரம் முகம் வெளுத்திருந்தது. ரத்தம் கம்மி என்று இரும்புச் சத்து டானிக் வந்தது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். காரணமில்லாமல் அழுதாள், தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

பம்மலில் எந்தக் குழந்தைக்கு எது வந்தாலும் தண்ணீர்தான் குற்றவாளி. தோல் பதனிடும் ஷெட்டுகள் வருஷக்கணக்காக மண்ணுக்குள் விட்ட கழிவு இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், சொல்வதில் நியாயமும் இருந்தது. தங்கச்சி போர்வெல் தண்ணீரை நிறுத்தினாள். சமைக்க, குடிக்க, குழந்தையைக் குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் கேன் தண்ணீர்.

“இந்த ஊர்த் தண்ணில குளிச்சா இரும்பே துருப் பிடிக்குது, குழந்தை எம்மாத்திரம்ண்ணா. வூட்டை மாத்துங்கன்னா இவரு கேக்குறாரா?”

“மாத்தலாம்மா, மாத்தலாம்,” என்றான் அவன். வாசலில் வந்து இறங்கும் கேன்களை நானும் சேர்ந்து தூக்கி வைத்தேன். தூக்கி வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை நாவலூரில், ஆபீஸ் கேன்டீனில் தோசைக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றபோது பம்மல்காரனின் குரல் செய்தி வந்தது. “மச்சான், மறுபடியும் ரத்தம் டெஸ்ட் பண்ணாங்க. இன்னும் கொறஞ்சிக் கீதாம். இன்னான்னே புரியலையாம்.” எனக்கு எதையும் உடனே தேடிப் பார்த்துவிட வேண்டும், அது என் சுபாவம். குழந்தை, வயிற்று வலி, ரத்தசோகை என்று போட்டேன். ஏகப்பட்டது வந்தது. கூடவே ஈயம் என்று ஒரு வார்த்தை சேர்த்துப் போட்டேன். ஏன் சேர்த்தேன்? அதைச் சேர்க்கத் தோன்றியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்.

அந்தப் பக்கத்தில் ஆறு அறிகுறிகள் போட்டிருந்தன. ஐந்து எனக்குத் தெரிந்தவை. ஆறாவது, கற்ற வார்த்தைகளைக் குழந்தை மறந்துபோவது. அது நம் பாப்பாவுக்கு இல்லையே என்று பக்கத்தை மூடினேன். நன்றாக நினைவிருக்கிறது, மூடிவிட்டுத் தோசை சாப்பிட்டேன். பொம்மைகள் பரணில் இருக்கின்றன, கதவு சாத்தியிருக்கிறது, அவள் ஒரு சிப்பாயைக்கூடத் தொட்டதில்லை, எப்படிப் போகும்? அதோடு சண்டைக்கு இரண்டு சனிக்கிழமைதான் பாக்கி. ராக்கெட்காரர்கள் முப்பது பேர் குறைவு. இப்போது சொன்னால் அவன் அடுப்பைத் தூக்கிப் போட்டுவிடுவான். சண்டை முடியட்டும், எப்படியும் வார்ப்பதை நிறுத்தத்தான் போகிறோம், அப்போது ஒரு பேச்சுக்குச் சொல்லி வைப்போம். இப்படி எனக்கு நானே ஒப்பித்துக்கொண்டேன். முப்பது பேரையும் வார்த்தேன். பிசிறு தேய்த்தேன். பஃப்பால் ஒற்றினேன்.

புள்ளலூர் நாள் வந்தது. பலகையின் மேல் இருநூற்றுச் சொச்சம் பேர் நின்றார்கள். வாத்தியார் நடுவர். நான் மைசூர். பம்மல்காரன் கும்பினிப் பட்டாளத்தைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். தோற்கிற பக்கத்தில்தான் வேலை அதிகம் என்பது அவன் கட்சி. ஆனால் அன்று அவன் வேலையே பார்க்கவில்லை. முறை வந்தால் இரண்டு இஞ்ச் நகர்த்துவான், போனைப் பார்ப்பான்.

“டேய், உன் பட்டாளம் பிக்னிக் வந்திருக்கா?” என்றான் வாத்தியார். “ஆளுங்கள நாலு பக்கமும் பாக்க நிறுத்தி சதுரம் கட்டு. சுத்தி வந்துட்டான் பாரு.”

“கட்றேன் கட்றேன்.”

“வெடிமருந்து வண்டியை வெளிய வுட்டுட்டு சதுரம் கட்டுற முதல் தளபதி நீதான்டா.”

பம்மல்காரன் சிரிக்கவில்லை. இஞ்ச் டேப்பை இழுத்துப் பிடித்தபடி பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “நாலு நாளா அப்பான்னு கூப்பிடல மச்சான். ஒன்னுமே பேசல. வாயத் தொறக்குது, சத்தம் வரல. கை காட்டுது, அவ்ளோதான்.”

வாத்தியார் கையிலிருந்த விதித் தாளைக் கீழே வைத்தான். “என்னடா சொல்ற? டாக்டர்கிட்ட காட்டுனியா?”

“நாளைக்குக் கூட்டினு வரச் சொல்லிக்கீறாங்க. நீ ஆட்றா. வூட்ல உக்காந்தா இன்னும் பேஜாரா கீது.”

முறை என்னுடையது. என் ராக்கெட்டுகள் அவன் வண்டிகளுக்கு நேர் எதிரே. இரண்டு பகடையிலும் ஆறு விழுந்தால் வண்டி வெடிக்கும். ஆறாவது அறிகுறி என்ன என்பது எனக்குத் தெரியும். என் கையில் பகடைகள் சூடாக இருந்தன. உருட்டினேன். ஒன்று ஆறு, இன்னொன்று சுற்றிச் சுற்றி ஆறில் நின்றது.

நான் எழுந்து நின்று கத்தினேன். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். வண்டி வெடித்துச் சதுரம் உடைந்தது. என் குதிரைப் படை உள்ளே புகுந்தது. அரை மணி நேரத்தில் அவன் பட்டாளம் முழுக்கப் பலகையில் சாய்ந்து கிடந்தது. ஒவ்வொருவனும் விழும்போது ‘டொக்’ என்று கேட்டது. சரித்திரத்தில் நடந்தபடியே நடந்துவிட்டது என்று வாத்தியார் நோட்டில் குறித்துக்கொண்டான். ஜெயித்த பிறகுதான் சொன்னேன்.

“மச்சான், நாளைக்கு டாக்டர்கிட்ட ஈயத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணச் சொல்லு.”

“ஈயத்துக்கா? ஏன்?”

“அது உடம்புக்குள்ள போனா இப்படித்தான் ஆகுமாம். வயித்து வலி, ரத்தம் குறையறது, பேச்சு… எல்லாம்.”

அவன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “எப்போ படிச்ச இத?”

“ரெண்டு வாரம் முன்னாடி.”

“ரெண்டு வாரம்.”

“நாம அவ கையில குடுக்கவே இல்லையேடா, அதனால இருக்காதுன்னு…”

“ரெண்டு வாரமா எங்கூட உக்காந்து ஊத்துனியே.”

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். வாத்தியார், “டேய் நில்லு, இந்த நெலமையில தனியா ஓட்டாத,” என்று பின்னாலேயே ஓடினான். நான் ஜெயித்த படையோடு நின்றுகொண்டிருந்தேன்.

நகரத்துக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். ரத்தத்தில் ஈயம், இருக்கவே கூடாத அளவில் இருந்தது. எண்ணைப் பார்த்ததும் டாக்டரம்மா, “அப்பாவுக்கு பேட்டரி வேலையா?” என்று முதல் கேள்வி கேட்டார். இல்லை, விளையாட்டு என்று பம்மல்காரன் சொன்னான். அவர் திரும்பக் கேட்டார். அவன் திரும்பவும் விளையாட்டு என்றான். அப்புறம் நான் முன்னால் போய் முழுக்கச் சொன்னேன், அடுப்பு, சட்டி, அரம், எல்லாம். அவர் திட்டவில்லை. எழுதிக்கொண்டே போனார். எப்படி இவ்வளவு உள்ளே போனது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் அது இன்னும் போய்க்கொண்டிருக்கலாம். காலையில் எழுந்ததிலிருந்து குழந்தை என்னென்ன செய்வாள் என்று ஒன்று விடாமல் சொல்லும்மா என்று தங்கச்சியிடம் கேட்டார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். “பல்லு தேச்சி விடுவேன். பால் குடுப்பேன், கேன் தண்ணியிலதான் காய்ச்சுவேன். ஒன்பது மணிக்குக் குளிப்பாட்டுவேன், அதுவும் கேன் தண்ணிதான். தொடச்சிட்டு மூஞ்சி, கழுத்து, நெஞ்சுல பவுடர் போடுவேன். சாயந்தரம் மூஞ்சி கழுவிட்டு மறுபடி ஒருதபா. அவளே பஃப்பை வாங்கி வாயெல்லாம் அப்பிக்குவா…”

இந்த முறை காத்திருக்கவில்லை. அந்தப் பஃப்பால்தான் ஈய அச்சையும் ஒற்றினோம் என்று நடுவில் புகுந்து சொன்னேன். சொல்லும்போது தங்கச்சியைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவின் பேனாவைப் பார்த்துச் சொன்னேன்.

வாத்தியார் பம்மலுக்குப் போய் டப்பாவை எடுத்து வந்தான். பஃப்பின் ஓரம் சாம்பல் நிறமாக இருந்தது. அதை டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு கவரில் வைத்தார். இது மட்டும்தானா, தரையில் கிடந்த தூசியுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டும்தான் இருக்கும் என்றார்.

வெளியே பெஞ்சில் தங்கச்சி தன் உள்ளங்கைகளை மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையால்தான் இரண்டு வேளையும் போட்டிருந்தாள். நான் போய் நின்றேன்.

“படிச்சிருக்கேன்னு சொன்னீங்களேண்ணா,” என்றாள்.

அவ்வளவு தண்ணீர் கேனையும் நான் தூக்கி வைத்ததைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை.

குழந்தை வார்டில் இருந்த நாட்களில் நானும் வாத்தியாரும் பம்மல் வீட்டைக் கழுவினோம். பெருக்கக் கூடாது, பெருக்கினால் தூசி எழும்பும். ஈரத் துணியால் துடைத்துத் துடைத்துத் துணியைக் கவரில் கட்டிப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சுவர், ஜன்னல் கம்பி, பாய், பரண். மூன்று நாள் ஆனது. வாத்தியார் பேசாமல் வேலை செய்தான். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

இருநூற்றுச் சொச்சம் சிப்பாய்களை என்ன செய்வது என்பதில்தான் அவன் வாயைத் திறந்தான். காயலான் கடையில் எடைக்குப் போடலாம் என்றேன்.

“போட்டா?” என்றான். “அவன் உருக்குவான். அவன் வீட்ல குழந்தை இல்லையா? உனக்கு எப்பவுமே அடுத்த படி தெரியாதா?”

மண்ணில் புதைத்தால் மண்ணுக்குள் இறங்கும். கடைசியில் ஒரு காலி பெயின்ட் வாளியில் எல்லோரையும் கொட்டி, மேலே சிமென்ட் கலந்து ஊற்றினான். ராக்கெட்காரர்களும் கும்பினிக்காரர்களும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். அவன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு எட்டத்தில் அந்த வாளி இருக்கிறது. யாரும் அதைத் தூக்க முடியாது, தூக்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

ரத்தத்திலிருந்து ஈயத்தை இழுத்து வெளியேற்றும் ஊசி உண்டு. போட்டால் வலி உயிர் போகும். ஐந்து நாள் போட்டு, இடைவெளி விட்டு, மறுபடி ஐந்து நாள். எலும்பில் போய் ஒளிந்துகொண்டது மெல்ல மெல்ல ரத்தத்துக்குத் திரும்ப வரும், அதனால் மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். மூளைக்கு எவ்வளவு சேதம் என்று இப்போது சொல்ல முடியாது, பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் தெரியவரும் என்றார் டாக்டரம்மா.

முதல் சுற்று ஊசியின்போது நான் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போக எனக்கு உரிமை இல்லை என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டேன். பம்மல்காரன் வெளியே வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

“இன்னா இங்க நின்னுகினு கீற? வா. வந்து புடி.”

“நானா?”

“நீதான். அவளால முடியல. என்னாலயும் முடியல. நீ புடி.”

தொடையில் போடுகிற ஊசி. காலை அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். வாய் திறந்து, முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து அவள் அழுத அழுகையில் ஒரு வார்த்தையும் இல்லை. அது முடிந்ததும் அவன், “நாளைக்கும் வா,” என்றான். மன்னித்துவிட்டான் என்று அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் அப்படிச் சொல்லவும் இல்லை.

இரண்டாவது சுற்றுக்கும் போனேன். அப்புறம் மாதாமாதம் ரத்தம் எடுக்கும் நாளில் லீவு போட்டுவிட்டுப் போகிறேன். அவர்கள் இப்போது பம்மலில் இல்லை, கீழ்க்கட்டளையில் என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்துவிட்டார்கள். தண்ணீருக்காக இல்லை, அந்த வீட்டில் தங்கச்சியால் இருக்க முடியவில்லை. நான் காலை ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு போவேன். குழந்தை முன்பு போல வாசலுக்கு ஓடி வருவதில்லை. என்னைப் பார்த்தாலே ஊசி நாள் என்று அவளுக்குத் தெரியும். அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழ ஆரம்பித்துவிடுவாள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா பார்க்கப் போனேன், கையில் ஒரு பந்து வாங்கிக்கொண்டு. பந்தையும் பார்த்து அழுதாள். அதிலிருந்து சும்மா போவதில்லை.

“நான் வராம இருக்கட்டுமா?” என்று ஒருதடவை பம்மல்காரனிடம் கேட்டேன். “என்னைப் பாத்து பயப்படுறா.”

“பயப்படட்டும்,” என்றான். “அவ ஸ்கூல் போற வரைக்கும் நீ வரணும். ஒவ்வொரு தபாவும் நீதான் புடிக்கணும். அதுக்கப்புறம் என் மூஞ்சில முழிக்காத, எனக்குக் கவலையில்ல.”

போன மாதம் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. இந்த மாதம் ஆறாவது தடவை. காலையில் வழக்கம்போலக் காரை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றேன். தங்கச்சி குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அழவில்லை. கையை நீட்டி, என் பக்கம் விரலைக் காட்டி, “வேணாம்,” என்றாள்.

தங்கச்சியின் கை பொத்தானில் அப்படியே நின்றது. உள்ளேயிருந்து பம்மல்காரன் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடி வந்தான்.

“இன்னா சொன்னா? இன்னாம்மா சொன்ன? இன்னொருதபா சொல்லு.”

“வேணாம்,” என்றாள் என்னைப் பார்த்து. இந்த முறை தெளிவாக, கோபமாக.

தங்கச்சி அவளை வாரி எடுத்துக்கொண்டு சிரிக்கவும் அழவும் செய்தாள். பம்மல்காரன் நுரை வழியும் வாயோடு அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான்.

“அங்கயே நில்லு மச்சான். உள்ள வந்துடாத, போயிடாத. இன்னும் ரெண்டு தபா சொல்லட்டும்.”

நான் வாசலில் நின்றேன். குழந்தை என்னையே முறைத்துப் பார்த்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி, அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.